மலைச்சரிவில் பழைய வீடு: இடிக்க யாரை அழைப்பது, பொறுப்பு யாருடையது?

குன்னூர்ப் பக்கமிருந்து ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருடைய அப்பா 1960-களில் வாங்கிய வீடு அது. கட்டியதோ அதற்கும் முன்பு, வெள்ளைக்காரர் காலத்தில். கருங்கல்லும் மண் சாந்துமாக ஒன்றரை அடி கனச் சுவர், மங்களூர் ஓடு, ஈட்டியிலும் தேக்கிலும் நிலைகளும் உத்திரங்களும், முன்னறையில் கணப்பு, அதற்கு மேல் கல் புகைபோக்கி. சமையலறைக்கு மட்டும் பிற்பாடு போட்ட ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். வீட்டின் பின்சுவரை ஒட்டி மண்மேடு. முன்வாசலுக்குக் கீழே பன்னிரண்டு அடி இறக்கத்தில் இன்னொரு குடும்பத்தின் வீடு. இரண்டுக்கும் நடுவே சாந்தில்லாமல் அடுக்கிய பழைய கல்கட்டு. ஓதம் ஏறி, சுவர் பிளந்து, வீடு இனி தாங்காது என்ற நிலை. இடித்துவிட்டு மாடியோடு சின்னதாக ஒரு வீடு கட்டி, மாடியை ஹோம்ஸ்டேவாக விட நினைக்கிறார். மகன் தீபாவளிக்கு லீவில் வருவதால் அந்தப் பத்து நாளில் இடிப்பை முடித்துவிட வேண்டும் என்பது திட்டம்.

இரண்டு பேர் விலை சொல்லியிருக்கிறார்கள். கோயம்புத்தூர் கான்ட்ராக்டர் ஒருவர், "மரம், ஓடு எல்லாவற்றையும் நான் எடுத்துக்கொள்கிறேன், மேற்கொண்டு உங்களுக்கு ஒன்றரை லட்சம் தருகிறேன், ஜேசிபி வைத்து நான்கு நாளில் தரைமட்டம்" என்கிறார். உள்ளூர் மேஸ்திரி ஒருவர் ஆள் வைத்து இடிக்க மூன்று வாரம் ஆகும், இரண்டே முக்கால் லட்சம் கூலி, மரம் உங்களுடையது என்கிறார். கீழ் வீட்டுக்காரர் இப்போதே முணுமுணுக்கிறார். வீடு இன்னும் அப்பா பெயரிலேயே இருக்கிறது. திருப்பூரில் இருக்கும் தம்பி "நீ பார்த்துச் செய் அக்கா" என்று போனில் சொல்லிவிட்டார். கோவைக்காரர் தைரியமும் சொல்லியிருக்கிறார்: சொந்த வீட்டை இடிக்க யாரிடமும் கேட்க வேண்டாம், இடிபாட்டைப் பின்னால் ஓடும் ஓடையில் தள்ளிவிடலாம், ஏதாவது ஆனாலும் பொறுப்பு தன்னுடையது, தான் அரசாங்க லைசென்ஸ் வைத்திருப்பவர் என்று. "யாரிடம் கொடுப்பது?" என்பது ஆசிரியையின் கேள்வி.

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. ஆனால் அதை நீங்கள் குறையாக எழுதியிருக்கிறீர்கள். மேஸ்திரி வந்த அன்று வீட்டுக்குள் சரியாக நுழையக்கூட இல்லை, கீழ் வீட்டு வாசலில் இறங்கி நின்று கல்கட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார், அப்புறம் பின்சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார், விலையை இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னார் என்கிறீர்கள். உங்களுக்கு அது மெத்தனமாகப் பட்டிருக்கிறது. எனக்கோ, இரண்டு பேரில் வேலை தெரிந்தவர் இவர்தான் என்று படுகிறது. மற்றவர் வாட்ஸ்அப்பில் போட்டோவைப் பார்த்தே விலை சொன்னவர்.

நான் வக்கீல், பொறியாளர் இல்லை. ஆனாலும் நீலகிரியில் கட்டட வழக்குகள் பார்க்கிறவனுக்கு மண்ணைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்துதான் ஆக வேண்டும். சமவெளியில் வீட்டை இடித்தால் வீடு மட்டும் போகும். சரிவில் அந்த வீடு எதையெல்லாம் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று தெரியாமல் இடித்தால், கூடவே வேறு எதுவும் போகலாம். ஆளைத் தேர்ந்தெடுப்பது, காகிதம் எழுதுவது, பணம் பிரித்துக் கொடுப்பது எல்லாமே இதிலிருந்துதான் தொடங்குகின்றன.

உங்கள் வீடு எதைத் தாங்குகிறது?

உங்கள் பின்சுவர் வெறும் வீட்டுச் சுவர் இல்லை. மேட்டை வெட்டி அந்த இடத்தில் வீட்டை வைத்திருக்கிறார்கள். பல வருஷமாக அந்த மண் உங்கள் சமையலறைச் சுவர்மேல் சாய்ந்துகொண்டிருக்கிறது. பின்சுவரில் மட்டும் ஓதம் இடுப்பளவு ஏறியிருக்கிறது என்று நீங்கள் எழுதியதும் அதைத்தான் காட்டுகிறது. அந்தச் சுவரை ஒரே நாளில் எடுத்துவிட்டால் செங்குத்தாக வெட்டிய மண் பிடிமானமின்றி நிற்கும். ஒன்று, புதிய தடுப்புச் சுவர் எழும்பும்வரை பின்சுவரின் கீழ்ப்பகுதியை விட்டுவைக்க வேண்டும். அல்லது முட்டுக் கொடுத்து, சின்னச் சின்னப் பகுதியாகப் பிரித்து எடுக்க வேண்டும். எது சரி என்பதைப் பொறியாளர் நேரில் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும், நானோ கான்ட்ராக்டரோ அல்ல.

முன்பக்கக் கல்கட்டின் கதை வேறு. வீட்டின் பாரம் போனால் அதற்கு நல்லதுதானே என்று தோன்றும். பாரம் குறையும், உண்மை. ஆனால் ஜேசிபி ஏழெட்டு டன் எடை. அதை வாசலில், கல்கட்டின் விளிம்பில் கொண்டுவந்து நிறுத்தி, இடித்த கல்லையும் அங்கேயே குவித்தால் போன பாரத்தைவிட வந்த பாரம் அதிகம், அதுவும் விளிம்பிலேயே. கூடவே அதிர்வு. சாந்தில்லாத கல்கட்டு என்பதால் நீர் வடிய இடுக்குகள் இருக்கும். அவற்றில் மண் அடைத்து, நடுவில் வயிறு தள்ளியிருக்கிறதா என்று கீழ் வீட்டு வாசலில் நின்றால்தான் தெரியும். மேஸ்திரி இறங்கிப் பார்த்தது அதைத்தான்.

2024 பிப்ரவரி 7 அன்று ஊட்டி லவ்டேல் காந்தி நகரில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். தடுப்புச் சுவர் கட்ட மண் தோண்டிக்கொண்டிருந்தபோது மேலே இருந்த பழைய கழிப்பறைக் கட்டடம் சரிந்து ஆறு பெண் தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். அது மழைக்காலம்கூட இல்லை.

ஒன்றரை லட்சம் ஏன் தருகிறார்?

இடிப்பவரே பணம் தருகிறேன் என்றால், அவருக்கு வேண்டியது உங்கள் மரம். ஈட்டி நிலை, தேக்கு உத்திரம், பழைய ஓடு, கணப்பின் இரும்புச் சட்டம் எல்லாவற்றுக்கும் மேட்டுப்பாளையத்திலும் கோவையிலும் பழைய சாமான் கடைகளில் நல்ல கிராக்கி. அப்படிப் பேசிக்கொள்வது தப்பு ஒன்றுமில்லை, ஊர் வழக்கம்தான். சிக்கல் வேலை நடக்கும் வரிசையில் இருக்கிறது. லாபமெல்லாம் மேலே, கூரையிலும் நிலையிலும். அதுதான் முதலில் இறங்கும். நஷ்டமெல்லாம் கீழே, கல்லும் மண்ணுமாகக் கிடப்பதில். மரம் ஏறிய லாரியோடு ஆளும் போய்விட்டால், கூரையில்லாத மொட்டைச் சுவர்களும் குவியலும் உங்களுடையவை. என்னிடம் வரும் இடிப்புத் தகராறுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

குவியல் எவ்வளவு வரும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், நீங்கள் கணக்கு டீச்சர்தானே. உள்சுவர், வெளிச்சுவர் எல்லாம் சேர்த்து 200 அடி நீளம் வரும் என்று உங்கள் வரைபடத்திலிருந்து எடுத்துக்கொள்கிறேன். ஒன்றரை அடி கனம், பத்தடி உயரம். ஆக 3,000 கன அடி. கல்கட்டு ஒரு கன அடி அறுபது கிலோவுக்குக் குறையாது. கதவு, ஜன்னல் இடத்தைக் கழித்தாலும் 150 டன். உங்கள் தெருவுக்கு வரக்கூடியது பிக்கப்போ சின்ன டிப்பரோதான். ஒன்றரை டன் வீதம் நூறு நடை. நான்கு நாளில் இது நடக்காது. நடக்குமென்றால் ஓடைக்குத்தான் போகப்போகிறது.

ஓடையில் தள்ளுவதைப் பேச்சுக்குக்கூட ஒப்புக்கொள்ளாதீர்கள். ஓடை அரசு நிலம். அதை அடைத்தால் அடுத்த பெருமழையில் தண்ணீர் வேறு வழி தேடிக்கொள்ளும், அந்த வழியில் யார் வீடு இருக்கிறதோ தெரியாது. கட்டட இடிபாட்டுக் கழிவுக்கென்றே 2016-இல் மத்திய அரசு விதிகள் வந்தன, அவற்றுக்குப் பின் புதிய விதிகளும் வந்திருக்கின்றன. 2016 விதிகளின்படி ஒரு நாளைக்கு 20 டன்னோ, ஒரு வேலைக்கு மாதம் 300 டன்னோ தாண்டினால் கழிவுத் திட்டமே எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்று இருந்தது. நீங்கள் அந்த அளவுக்கு வரமாட்டீர்கள். ஆனால் சாலையிலும் சாக்கடையிலும் ஓடையிலும் கொட்டாமல், தரம் பிரித்து, உள்ளாட்சி காட்டும் இடத்தில் சேர்ப்பது சின்ன வீட்டுக்காரருக்கும் கடமைதான். நல்ல கருங்கல்லை மட்டும் தனியாக அடுக்கச் சொல்லுங்கள். புதிய தடுப்புச் சுவருக்கு அது உங்களுக்கே வேண்டியிருக்கும், பாதி நடை மிச்சம்.

மரத்தை நீங்களே விற்பதாக இருந்தாலும் சரி, அவர் எடுப்பதாக இருந்தாலும் சரி, ஈட்டியும் தேக்கும் மலையிறங்கும்போது வனத்துறைச் சோதனைச் சாவடியில் கேள்வி வரும். பழைய மரம்தானே என்று அனுப்பிவிடாமல் வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே மனுக் கொடுத்து, கொண்டுபோவதற்கான அனுமதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

"பொறுப்பு என்னுடையது" என்று அவர் சொன்னால் போதுமா?

போதாது. நிறைய பேர் ஏமாறுவது இங்கேதான்.

கீழ் வீட்டுக்காரர் விஷயத்தை எடுத்துக்கொள்வோம். பக்கத்து நிலம் இயற்கையாகத் தரும் தாங்குதல் ஒவ்வொரு நில உரிமையாளருக்கும் உள்ள உரிமை என்று 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் சொல்கிறது. கட்டடத்துக்கான தாங்குதலையும் 20 ஆண்டு தடையின்றி அனுபவித்திருந்தால் உரிமையாகவே கோரலாம். அவர் வீடு அங்கே எத்தனை வருஷமாக இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அந்தத் தாங்குதலைக் கெடுக்கக்கூடிய வேலையை ஒருவர் கான்ட்ராக்டரிடம் ஒப்படைத்தாலும் கடமை உரிமையாளரை விட்டுப் போகாது என்று இங்கிலாந்தில் 1876-இல் போவர் - பீட் வழக்கில் தீர்ப்பானது. அதிலும் இதே கதைதான்: பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட ஒப்பந்தம், பக்கத்து வீட்டுக்கு முட்டுக் கொடுப்பது தன் பொறுப்பு என்று கான்ட்ராக்டர் எழுதியே கொடுத்திருந்தார். அப்படியிருந்தும் பக்கத்து வீட்டுக்கு நஷ்டஈடு தர வேண்டியவர் உரிமையாளர்தான் என்றார்கள். அந்தக் கொள்கையைக் காட்டி நம் நீதிமன்றத்திலும் உங்கள்மேல் வழக்குப் போடலாம். கான்ட்ராக்டர் எழுதிக் கொடுத்த காகிதம் உங்களுக்கும் அவருக்கும் இடையில் செல்லும். கீழ் வீட்டுக்காரரைக் கட்டுப்படுத்தாது.

குற்றவியல் பக்கம்: கட்டடத்தை இடிக்கும்போது மனித உயிருக்கு வரக்கூடிய ஆபத்தைத் தடுக்கப் போதிய ஏற்பாடு செய்யாமல் விடுவதையே தனிக் குற்றமாக, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 290-ஆம் பிரிவு வைத்திருக்கிறது. ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். யாருக்கும் காயம்படும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உயிர் போனால் 106-ஆம் பிரிவு, ஐந்து ஆண்டு வரை. யார்மேல் வழக்கு என்பது விசாரணையில் தெரிய வரும். அனுமதியில்லாமல் வேலையை ஆரம்பிக்கச் சொன்னது நீங்கள் என்றால் உங்கள் பெயரும் அதில் வரும்.

தொழிலாளிக்கு அடிபட்டால்? தன் தொழிலுக்காக வேலையைக் கான்ட்ராக்டில் விடுகிறவரிடமும் இழப்பீடு கேட்கலாம் என்பது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலிருந்தே உள்ள ஏற்பாடு. குடியிருக்கும் வீடு என்றால் உங்களுக்குப் பொருந்தாது என்று வாதாட இடமுண்டு. ஹோம்ஸ்டே என்று நீங்களே எழுதியிருப்பதால் அந்த வாதம் கொஞ்சம் பலவீனமாகிறது. பயமுறுத்தச் சொல்லவில்லை. தொழிலாளர் இழப்பீட்டுக்கான காப்பீடு எடுத்திருக்கிறாரா என்று கான்ட்ராக்டரிடம் ஏன் கேட்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்புறம் அந்த "அரசாங்க லைசென்ஸ்". பொதுப்பணித்துறையில் கான்ட்ராக்டர்களை வகுப்பு வகுப்பாகப் பதிவு செய்வார்கள். அது அரசு வேலைக்கு டெண்டர் போடுவதற்கான தகுதி. சாலை போட்டவரிடமும் அந்தக் காகிதம் இருக்கும். மலைச்சரிவில் கல் வீட்டை இடிக்கத் தெரியும் என்று அது சொல்லவில்லை. காகிதத்தை வாங்கிப் பாருங்கள், என்ன வேலைக்கு, எந்த ஆண்டுவரை என்று படியுங்கள், அவ்வளவுதான்.

இடிப்பதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

தம்பியின் சம்மதம். வீடு அப்பா பெயரிலேயே இருக்கிறது, பாகப்பிரிவினை ஆகவில்லை. அப்படியென்றால் அது வாரிசுகள் எல்லோருக்கும் பொதுச் சொத்து. போனில் சொன்னது நாளை நினைவிருக்காது, அல்லது தம்பி வீட்டில் வேறு மாதிரி நினைவிருக்கும். வாரிசுச் சான்றிதழ் எடுத்து, எல்லா வாரிசுகளிடமும் இடிக்கவும் மரத்தை விற்கவும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். மரம் விற்ற பணம் யாருக்கு என்பதையும் அதிலேயே எழுதிவிட்டால் உறவு கெடாது.

புதிய வீட்டுக்கான அனுமதி. இதைத்தான் எல்லாவற்றிலும் முக்கியமாகச் சொல்வேன். ஏற்கெனவே வீடு இருந்த இடம்தானே, கட்ட விடமாட்டார்களா என்று நினைக்கிறீர்கள். வீடு நின்றுகொண்டிருக்கும்வரை அது பழைய வீடு. இடித்தபிறகு அது காலி மனை, இன்றைய விதிகள்தான். நீலகிரியில் உயரம் 7 மீட்டரைத் தாண்டக் கூடாது. சரிவு எவ்வளவு, ஓடையிலிருந்து எவ்வளவு தூரம், மாவட்டத்தில் மண்சரிவு அபாயம் உள்ளவை என்று அடையாளம் கண்டு வைத்திருக்கும் 283 இடங்களுக்குப் பக்கமா என்றெல்லாம் பார்ப்பார்கள். ஹாக்கா எனப்படும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உள்ள கிராமமென்றால் புவியியல், வேளாண் பொறியியல், வனத்துறைகளின் தடையின்மைச் சான்றும் கேட்பார்கள். மலைநகரக் கட்டடங்களின் தோற்றத்தைப் பார்க்கும் குழுவும் உண்டு. இதெல்லாம் முடிந்து வரைபடம் கையில் வரும்முன் இடித்துவிட்டு, கட்ட அனுமதி கிடைக்காமல் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். மாடி கிடைக்காது, ஓரங்களில் இடம் விட்டால் பாதி அளவுதான் வரும் என்று தெரிந்தால் நீங்களே பழைய வீட்டைப் பழுதுபார்க்கலாமா என்று யோசிக்கக்கூடும். அதற்கு வீடு நிற்க வேண்டும்.

இடிப்புக்கும் இயந்திரத்துக்கும் அனுமதி. நகராட்சியில் எழுத்து மூலம் மனுக் கொடுத்து அனுமதி பெறாமல் ஒரு ஓட்டைக்கூடக் கழற்ற விடாதீர்கள். ஜேசிபி, பொக்லைன் போன்றவற்றை நீலகிரியில் இஷ்டத்துக்கு இறக்க முடியாது. மாவட்ட நிர்வாகத்தின் முன் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் ஓட்டிய வண்டியைப் பிடித்து, இடத்தின் சொந்தக்காரர்மீதும் நடவடிக்கை எடுத்த செய்திகளை நம் பத்திரிகைகளில் நீங்களே படித்திருப்பீர்கள். "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அவர் சொன்னால் உத்தரவு நகலைக் காட்டச் சொல்லுங்கள். மனையில் சில்வர் ஓக்கோ வேறு மரமோ தடையாக இருந்து வெட்ட வேண்டியிருந்தால் அதற்கும் தனி அனுமதி. மலைப்பகுதி மரங்களுக்கென்று 1955-இலிருந்தே சட்டம் இருக்கிறது.

மின்வாரியத்தில் இணைப்பைத் துண்டிக்க எழுதிக் கொடுப்பது, தண்ணீர் இணைப்பை மூடுவது இவையெல்லாம் வழக்கமானவை, மேஸ்திரிக்கே தெரியும். செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டிவிடுங்கள். அதை லாரி வைத்து உறிஞ்சித்தான் காலி செய்ய வேண்டும். ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

ஆளை எப்படித் தேடுவது?

கான்ட்ராக்டரை முதலில் தேடாதீர்கள். புதிய வீட்டுக்கு வரைபடம் போட எப்படியும் பதிவுபெற்ற பொறியாளர் ஒருவர் வேண்டும். நகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் யாருடைய கையெழுத்தை ஏற்கிறார்கள் என்று கேட்டு, அவர்களில் தடுப்புச் சுவர் வேலை செய்த ஒருவரை இப்போதே அமர்த்துங்கள். அவரிடம் இடிப்புக்கான வரிசையை ஒரு பக்கத்தில் எழுதி வாங்குங்கள். இந்தியத் தர நிர்ணயத்தில் இதற்கென்றே ஐ.எஸ். 4130 என்ற பாதுகாப்பு விதித்தொகுப்பு இருக்கிறது. மேலிருந்து கீழாக, கட்டிய வரிசைக்கு நேரெதிராக இறங்குவதுதான் அதன் அடிப்படை. உங்கள் வீட்டில் முதலில் கவனிக்க வேண்டியது புகைபோக்கி. சுற்றியுள்ள கூரையை எடுத்துவிட்டால் அது தனியாக நிற்கும், மண் சாந்து வேறு. மேலிருந்து கல் கல்லாக இறக்க வேண்டும், கயிறு கட்டி இழுக்கக் கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைத் தண்ணீர் தெளித்து, போல்ட்டைக் கழற்றி முழுசாக இறக்க வேண்டும். உடைத்தால் பறக்கும் தூசு நுரையீரலுக்குப் பொல்லாதது. அதைக் கல்லோடு கலந்து அனுப்பவும் கூடாது.

இந்த ஒரு பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். கோவைக்காரரையும் கேளுங்கள், நேரில் வரச் சொல்லி. எல்லோரும் ஒரே வேலைக்கு விலை சொன்னால்தான் ஒப்பிட முடியும். இப்போது உங்களிடம் இருப்பது இரண்டு வேறு வேலைகளுக்கான விலை.

கடைசியாக இடித்த இரண்டு இடங்களின் விலாசம் கேட்டு வாங்கிப் போய்ப் பாருங்கள். வீட்டுச் சொந்தக்காரரைக் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டுக்காரரைக் கேளுங்கள். தூசுக்கு என்ன செய்தார், சுவர் விரிந்ததா, குவியல் எத்தனை நாள் கிடந்தது என்று அவர் சொல்வதுதான் உண்மையான சான்றிதழ். ஆட்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை வைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். விபத்தில் அந்தக் குடும்பங்களுக்குக் கைகொடுப்பது அதுதான்.

மேஸ்திரியையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். நல்ல வேலைக்காரர்களுக்குக் காகிதம் என்றாலே அலர்ஜி. காப்பீடு கிடையாது, ரசீது கிடையாது, "நம்ம ஊர்தானே டீச்சர்" என்பார். இந்த ஒரு வேலைக்கு மட்டும் தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசி எடுக்கச் சொல்லி, பிரீமியத்தை நீங்களே கூலியோடு சேர்த்துக் கொடுங்கள். நிம்மதிக்கு அது அதிகமில்லை.

ஒப்பந்தத்தில் நான் எழுதுவேன் என்பவை

முத்திரைத்தாளில் இரண்டு பக்கம் போதும். பொறியாளர் கொடுத்த வரிசையை இணைப்பாக வையுங்கள். பின்சுவரையும் முன்பக்கக் கல்கட்டையும் பொறியாளர் எழுத்தில் சொல்லாமல் தொடக் கூடாது, வாசல் விளிம்பிலிருந்து இத்தனை அடிக்குள் குவிக்கவோ வண்டி நிறுத்தவோ கூடாது என்று எழுதுங்கள். வேலையை வேறொருவருக்கு மாற்றி விடக் கூடாது. மழை வந்தால் நிறுத்தி, திறந்த சுவர்களைத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். மண் சாந்துச் சுவரில் மேலிருந்து தண்ணீர் இறங்கினால் அது தானாகவே, நினைக்காத பக்கம் விழும்.

பணத்தில் கவனம். அட்வான்ஸ் பத்து, பதினைந்து சதவீதத்துக்கு மேல் வேண்டாம். கூரை இறங்கியதும் ஒரு பங்கு, சுவர் இறங்கியதும் ஒரு பங்கு. நாலில் ஒரு பங்கையாவது கடைசி லோடு போய் மனை சுத்தமாகும்வரை கையில் வைத்திருங்கள். ஒவ்வொரு லோடும் எங்கே கொட்டப்பட்டது என்று ரசீது வேண்டும். தனியார் தோட்டத்தில் பள்ளம் நிரப்பக் கேட்கிறார்கள் என்றால் அந்த உரிமையாளரின் கடிதம் வேண்டும். மரம், ஓடு, இரும்பு எல்லாவற்றையும் எண்ணிப் பட்டியல் போட்டு இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். மரத்தை அவரே எடுப்பதாகப் பேசினால், அதற்கான பணம் முழுவதும் மரம் வாசல் தாண்டும்முன் உங்கள் வங்கிக் கணக்கில் ஏறியிருக்க வேண்டும். குவியலை அகற்றும்வரை ஒரு தொகை உங்களிடம் டெபாசிட்டாகவும் இருக்க வேண்டும்.

பாதியில் விட்டுப் போனால் ஊட்டியில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, இரண்டு ஆண்டுக்குள் போகலாம். ஹோம்ஸ்டேவைக் காட்டி "வணிக நோக்கம்" என்று எதிர்த்தரப்பு சொல்லும். சொந்தப் பிழைப்புக்கான சுயதொழில் என்று பதில் சொல்ல இடம் உண்டு.

கீழ் வீட்டுக்காரர்

அவரை எதிரியாக நினைக்காதீர்கள், அவர் பயம் நியாயமானது. அவர் சம்மதம் சட்டப்படி கட்டாயமில்லைதான். ஆனால் அவர் குன்னூர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடையுத்தரவு வாங்கினால் உங்கள் வேலை பாதிச் சுவரோடு மாதக்கணக்கில் நிற்கும். பொறியாளரோடு அவர் வீட்டுக்குப் போய், இப்போதே உள்ள விரிசல்களைத் தேதியோடு போட்டோ எடுத்து, ஒவ்வொரு விரிசலின் முனையிலும் பென்சில் கோடு போட்டு, இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். விரிசல் நீண்டால் கோட்டைத் தாண்டும், யாரும் வாதாட வேண்டியிருக்காது. பழைய விரிசலுக்கெல்லாம் உங்களிடம் பணம் கேட்பதையும் அது தடுக்கும். பேசிப் பார்த்தும் ஒத்துவரவில்லை என்றால் கேவியட் மனு போட்டு வைக்கலாம். 90 நாள்வரை உங்களைக் கேட்காமல் இடைக்கால உத்தரவு போடமாட்டார்கள். ஆனால் அது கடைசியில்.

தீபாவளிக்கு வேண்டாம்

ஐப்பசியில் குன்னூரில் கூரையைக் கழற்றுவது நினைக்கவே முடியாத காரியம். ஊட்டியின் மேற்குப் பக்கமும் கூடலூரும் ஆடி மழையில் நனையும், நமக்கும் கோத்தகிரிக்கும் பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான். 2009 நவம்பரில் மண்சரிவில் இந்த மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தது அந்த மழையில்தான். மகன் தீபாவளிக்கு வரட்டும். அந்தப் பத்து நாளில் அவரை வைத்துச் செய்ய வேண்டியது வேறு: திருப்பூர் போய்த் தம்பியிடம் கையெழுத்து, பொறியாளரோடு கீழ் வீட்டு விரிசல் பதிவு, மரப் பட்டியல், நகராட்சி மனு. அனுமதி பொங்கலுக்குள் வந்துவிட்டால் தை, மாசியில் மூன்று வாரம் இடிப்பு. மார்ச் தாண்டி இழுத்தால் கோடை இடிமழையும் சீசன் நெரிசலும் சேர்ந்துகொள்ளும், நூறு நடை பிக்கப்பை அந்தத் தெருவில் ஓட்ட முடியாது. அனுமதி அதற்குள் வரவில்லையென்றால் அடுத்த தைக்குத் தள்ளிப்போடுங்கள். அதுவரை பின்பக்கம் ஓட்டுத் தண்ணீர் சுவரடியில் விழாதபடி தகரக் கால்வாய் ஒன்று மட்டும் கட்டிவிடச் சொல்லி, அந்தச் சின்ன வேலையை மேஸ்திரியிடம் கொடுத்துப் பாருங்கள். ரசீது தருகிறாரா என்றும் தெரிந்துவிடும்.